கொம்பறையும் கோட்டையும்

போன வருசக் கடைசியில, பிரான்ஸில இருக்கிற மச்சான் ஒருத்தன் மொரோக்கோவுக்குச் சுற்றுலா போய்வந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில படங்களை அள்ளிப் போட்டான். ஒட்டகம், சந்தை, புதினாத் தேத்தண்ணி, மஞ்சள் மலை. அதுக்குள்ள ஒரு படம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒடுங்கின கல் ஒழுங்கை ஒன்று. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர். சுவர் முழுக்க மூன்று நாலு அடுக்காகச் சின்னச் சின்ன மரக்கதவுகள். மேல் கதவுக்குப் போக ஏணி இல்லை. சுவரில இருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தட்டைக் கற்கள்தான் படி.

அம்மம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "உதென்ன மோனை, புறாக்கூடோ?" எண்டா.

"இல்லை அம்மம்மா, தானியம் போட்டு வைக்கிற இடமாம். ஊரே சேர்ந்து கட்டின கொம்பறை."

அவ கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லவில்லை. பிறகு கேட்டா: "அப்ப சாவி ஆரிட்ட இருக்கும்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில இருந்துதான் தொடங்குது. நான் மொரோக்கோ போனதில்லை; போக வசதியும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வாசித்ததும், அதுக்குப் பிறகு யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள போய் நடந்ததும், எங்கட வீட்டுப் பின்வளவில போய் நிண்டதும் எல்லாம் ஒரே கதையாக எனக்குள்ள சேர்ந்துவிட்டது.

படத்தில இருந்தது ஒரு அகாதிர். அமாசிக் மக்களுடைய கோட்டைக் களஞ்சியம். 'பெர்பர்' என்று நாங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில படித்தது மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர். அவர்கள் தங்களைச் சொல்வது அமாசிக். அரபு மொழி வட ஆபிரிக்காவுக்கு வருவதற்கு முந்தியே அங்கே இருந்த சனம். மொரோக்கோவில அவர்களுடைய மொழி அரசகரும மொழி ஆனது 2011 அரசியலமைப்பில்தான். இதை வாசிக்கும்போது ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு என்ன தோன்றும் என்று நான் எழுதத் தேவையில்லை.

தென் மொரோக்கோவில அன்ரி-அட்லஸ் மலைப்பக்கம் மழையை நம்பிப் பயிர் செய்யிறது சூதாட்டம் மாதிரி. ஒரு வருசம் பார்லி கொட்டும், அடுத்த இரண்டு மூன்று வருசம் வெறும் மண். ஆக, நல்ல வருசத்து விளைச்சலைக் கெட்ட வருசத்துக்குக் காப்பாற்றி வைக்க வேண்டும். எலியிடம் இருந்து, ஈரத்திடம் இருந்து, முக்கியமாகப் பக்கத்து மலைக்காரரிடம் இருந்து. அதனால களஞ்சியத்தை வீட்டில வைக்காமல், ஊரில ஏறக் கடினமான இடமாகப் பார்த்து எல்லாரும் சேர்ந்து கட்டினார்கள். அம்தூதி என்ற ஊரில இருக்கிற அகாதிர் செங்குத்துப் பாறையின் தலையில குந்திக்கொண்டிருக்குது. உள்ளே மழைத்தண்ணீர்த் தொட்டி உண்டு, காவல் கோபுரம் உண்டு. துனீசியாவிலும் லிபியாவின் நஃபூசா மலையிலும் இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நாலூத், கபாவ், க்சார் ஊலாத் சுல்தான் என்று தேடிப் பாருங்கோ. தேன்கூடு மாதிரி அறைக்கு மேல அறை.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. அறைச்சாவி குடும்பத்திடம். அந்தச் சாவியும் மரத்தால் செய்தது, பல் மாதிரி முளைகள் வைத்தது. பெருவாசல் சாவி மட்டும் காவற்காரரிடம். அவரை அமீன் என்பார்கள். அவருக்குச் சம்பளம் பணமாக இல்லை. ஒவ்வொரு குடும்பமும் அறுவடையில ஒரு பங்கு அளக்கும். எலி பிடிக்கப் பூனையும் அங்கேயே குடியிருக்கும். பூனை போய்வரக் கதவுகளில ஓட்டை விட்டிருப்பார்கள். குடும்பத் தலைவர்கள் கூடி நிர்வாகம் செய்வார்கள். திருடினால் என்ன தண்டம், அடுத்தவன் அறைக்குள்ள கால் வைத்தால் என்ன தண்டம் என்பதையெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். மரப்பலகையில எழுதின சட்டங்கள் சில இன்றைக்கும் கிடைக்கின்றன. பிரெஞ்சுக்காரரான ரொபேர் மொந்தாஞ் 1930ல் இதைப் பற்றி எழுதினார். ஜாக்-மூனியே என்ற பெண் ஆய்வாளர் 1951ல் மொரோக்கோவின் கோட்டைக் களஞ்சியங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டார்.

அறைக்குள்ள பார்லி மட்டும் இல்லை. வாதுமை, ஆர்கன் எண்ணெய், தேன், உப்பு, வெள்ளி நகை, கலியாண உறுதி, காணி உறுதி. காணி உறுதியைத் தானியத்தோட வைத்துப் பூட்டினார்கள் என்ற இடத்தில நான் வாசிப்பதை நிற்பாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஏன் என்று பிறகு சொல்லுறன்.

'அகாதிர்' என்ற சொல்லுக்குச் சுவர், அரண் என்றும் பொருள், களஞ்சியம் என்றும் பொருள். 1960ல் பூமி அதிர்ந்து நாசமாகின கடற்கரை நகரம் அகாதிருக்கும் இதே பெயர்தான். ஒரே சொல்லுக்குள்ள கோட்டையும் நெல்லும் இருக்கிறது அவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழில் 'கோட்டை' என்ற சொல்லை எடுங்கோ. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கம் கோட்டை என்பது நெல் அளவு. 21 மரக்கால் ஒரு கோட்டை. வயலையும் 'இத்தனை கோட்டை விதைப்பாடு' என்று சொல்லுவார்கள். விதைநெல்லை வைக்கோல் புரியால் இறுக்கிச் சுற்றி, பந்து மாதிரி உருட்டி, வெளியே சாணம் பூசி வைப்பதற்கும் கோட்டை கட்டுவது என்றுதான் பெயர். 'கொட்டாரம்' என்றால் மலையாளத்தில அரண்மனை, தமிழில களஞ்சியம். இரண்டு கோட்டையும் ஒரே வேரோ வேறு வேரோ என்பதைச் சொல் ஆராய்ச்சிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் விதைநெல் உருண்டையையும் மதில் சூழ்ந்த அரணையும் ஒரே பெயரால் கூப்பிட்ட சனத்துக்கு, எதைச் சுற்றி மதில் கட்டுகிறோம் என்பது தெரிந்துதான் இருந்திருக்கும்.

பலாலியில இருந்து சென்னைக்கு விமானம் திரும்பத் தொடங்கின பிறகு ஒருதரம் செஞ்சிக்கோட்டைக்குப் போனேன். எல்லாரும் ராஜகிரி உச்சியில நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அடிவாரத்தில கல்யாண மகாலுக்குக் கிட்ட இருக்கிற நெற்களஞ்சியம். தடித்த சுவர், வளைவுக் கூரை, உள்ளே இருட்டும் வௌவால் நாற்றமும். கிருஷ்ணகிரி மலையிலும் களஞ்சியங்கள் உண்டு. எண்ணெய்க் கிணறு, நெய்க்கிணறு என்று கல்லால் கட்டின தொட்டிகளும் உண்டு. 1690இல் இருந்து 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையைச் சுற்றி நின்றது; உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். எட்டு வருசம். பீரங்கி எவ்வளவு, குதிரை எவ்வளவு என்றெல்லாம் வழிகாட்டிகள் சொல்லுவார்கள். அந்த இருட்டு அறைகளைப் பார்க்காமல் எட்டு வருசம் எப்படிப் போனது என்று விளங்காது.

பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 1600க்கும் 1634க்கும் இடையில கட்டியது, 3,000 கலம் பிடிக்கும். நான் போகவில்லை, படம்தான் பார்த்தேன். ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ள வட்ட வட்டமாக நிற்கிற கொட்டாரங்களை நேரில பார்த்தேன். ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணில குத்துது. செஞ்சிக் களஞ்சியம் அரசனுடையது. ஸ்ரீரங்கம் பெருமாளுடையது. சாவி மேலே இருக்கிறவரிடம். அமாசிக் அகாதிரில சாவி ஆயிரம் கையில இருந்தது. அம்மம்மாவின் கேள்வி சும்மா கேள்வி இல்லை.

இனி எங்கட ஊருக்கு வருவம்.

யாழ்ப்பாணத்தில 'கோட்டை' என்றால் பண்ணைக் கடலோரம் நிற்கிற அந்த ஐங்கோணம்தான். 1619ல் யாழ்ப்பாண அரசு விழுந்த பிறகு போர்த்துக்கேயர் கட்டினது சதுரக் கோட்டை. ஒல்லாந்தர் 1658ல் அதைப் பிடித்து, பிறகு இடித்து, ஐந்து கொத்தளத்தோட புதிதாகக் கட்டினார்கள். கொத்தளங்களுக்குத் தங்கள் நாட்டு மாகாணப் பெயர்கள்: ஹொலந்து, சீலந்து, உத்ரெக்ட், கெல்டர்லந்து, ஃபிரீஸ்லந்து. வெளி அரண் வேலை 1792ல் முடிந்தது. மூன்றே வருசத்தில, 1795ல், ஒரு சண்டையும் இல்லாமல் ஆங்கிலேயரிடம் போய்விட்டது. இவ்வளவு கல்லைத் தூக்கினவர்களை நினைத்தால் சிரிக்கவும் முடியவில்லை.

நான் சொல்ல வருவது 1658ஐப் பற்றி. ஒல்லாந்தருடன் வந்த பாதிரியார் பால்தேயுஸ் அந்த முற்றுகையை நேரில கண்டு 1672ல் ஆம்ஸ்டர்டாமில புத்தகமாக வெளியிட்டார். மூன்று மாதத்துக்கு மேல முற்றுகை. உள்ளே போர்த்துக்கேயப் படை மட்டும் இல்லை, பயந்து ஓடிப்போய் ஒதுங்கின சனமும் இருந்தது. வாய் கூடக்கூடச் சோறு குறைந்தது, நோய் வந்தது, ஜூன் மாதம் சரணடைந்தார்கள். அதுக்கு முன்னம் ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையில கடலுக்குள்ள நிற்கிற கடற்கோட்டை விழுந்ததும் குண்டுக்குப் பயந்து இல்லை, குடிக்கத் தண்ணி இல்லாமல்.

அதே கோட்டை 1990லும் முற்றுகைக்குள்ள இருந்தது. ஜூனில தொடங்கி செப்டெம்பர் 26ம் தேதி உள்ளே இருந்தவர்கள் வெளியேறும் வரைக்கும், ஆகாயத்தில இருந்து சாப்பாட்டுப் பொதி போட்டார்கள். முந்நூற்றிச் சொச்சம் வருசத்தில பசி மாறவில்லை. பொதி வந்த வழி மட்டும் மாறினது.

2009க்குப் பிறகு நெதர்லாந்து உதவியோட திருத்த வேலை நடந்தது. இப்ப மாலையில போனால் சோடிகளும் பட்டம் விடுகிற பெடியளும்தான். மதில் மேல நடக்கும்போது கவனியுங்கோ: கோட்டையின் முகம் ஊரைப் பார்த்தும் இருக்குது. பீரங்கி வாய் கடலுக்கு மட்டும் இல்லை. அகாதிர் ஊர்ச்சனம் தங்கள் தானியத்துக்குக் கட்டின கோட்டை. இது ஊர்ச்சனத்திடம் எடுத்த வரிக்கும் யானைக்காசுக்கும் மேல கட்டின கோட்டை. ஆக யாழ்ப்பாணத்தில அகாதிரைத் தேடுகிறவர் கோட்டைக்குப் போனால் வெறுங்கையோடதான் வருவார். எங்கட தானியம் வேறு இடத்தில இருந்தது.

கொம்பறையில.

இந்தச் சொல்லே இப்ப செத்துக்கொண்டிருக்குது. என் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் கேட்டேன், இரண்டு பேருக்குத்தான் தெரியும். கொம்பறை என்றால் வீட்டு நெற்களஞ்சியம். ஊருக்கு ஊர் வேறு மாதிரி. எங்கட வீட்டில இருந்தது பலகையில அடித்தது. நாலு கால், காலுக்குக் கீழ நாலு கல், கறையான் ஏறாமல். மேல மூடி, அதுவழியா நெல்லைக் கொட்டுவது. கீழே முழங்கால் உயரத்தில ஒரு சின்னக் கதவு, அதுக்கு ஒரு பூட்டு. உள்ளே வேப்பிலை. சின்னப்பிள்ளைகளை உள்ளே இறக்கித்தான் அடி நெல்லைக் கூட்டி எடுப்பார்களாம். அம்மா அப்படி இறங்கி, தும்மித் தும்மி அழுத கதையை இண்டைக்கும் சொல்லுவா.

யாழ்ப்பாணத்தில நெல் ஒரு போகம்தான். ஆறு இல்லை, வழுக்கையாறு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லுவதும் மாரியில மட்டும் ஓடும். மானாவாரி. ஆவணி புரட்டாதியில விதைப்பு, தை மாசியில வெட்டு. மொட்டைக்கறுப்பன் மாதிரி ஆறு மாத நெல். வெட்டின நெல்லு அடுத்த தை வரை போக வேண்டும். போகாது. குடாநாட்டு நெல்லு குடாநாட்டுச் சனத்துக்குக் காணாது என்பது ஒல்லாந்தர் காலத்திலேயே பழைய செய்தி. வன்னியில இருந்தும் சோழமண்டலக் கரையில இருந்தும் அரிசி வந்துகொண்டேதான் இருந்தது. அதனால கொம்பறைக்குப் பக்கத்திலேயே பனை நின்றது. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி. நெல்லுக் கொம்பறை தை மாதத்துக் கதை. ஐப்பசி கார்த்திகையில வீட்டைக் காப்பாற்றினது கடகத்துக்குள்ள இருந்த ஒடியல். கூழை நாங்கள் இப்ப விருந்துக்காரருக்குக் காய்ச்சிப் படம் எடுத்துப் போடுகிறோம். அது பஞ்சத்துச் சமையல்.

இப்ப அந்தக் காணி உறுதி. யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி ஏதாவது வீட்டில இருந்தால் எடுத்துப் பாருங்கோ. பரப்பு, லாச்சம், குழி என்று இருக்கும். லாச்சத்துக்குப் பக்கத்தில 'வரகு' என்றோ 'நெல்' என்றோ ஒரு சொல் நிற்கும். வரகு விதைப்பு லாச்சமும் நெல் விதைப்பு லாச்சமும் ஒரே அளவு இல்லை. எந்தத் தானியம் விதைக்கிற நிலம் என்பதை வைத்து நிலத்தை அளந்திருக்கிறார்கள். வரகு விதைத்ததை எங்கட அம்மம்மாவே பெரிசாகக் கண்டதில்லை, ஆனால் உறுதியில வரகு இன்னும் இருக்குது. அமாசிக்காரர் காணி உறுதியைத் தானியத்துக்குள்ள பூட்டினார்கள். நாங்கள் தானியத்தைக் காணி உறுதிக்குள்ள எழுதினோம். அவர்கள் பலகையில எழுதின சட்டத்துக்கு எங்களிடம் தேசவழமை. ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706, 1707ல் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தது. காணி, சீதனம், ஈடு, கடன் எல்லாம் அதில உண்டு.

அடிமைகளைப் பற்றியும் அதில உண்டு. இதைத் தாண்டிப் போனால் நான் பொய் எழுதினவன் ஆவேன். கொம்பறையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு மாதிரி ஏக்கத்தோட எழுதுகிறார்கள்: பொன்னான காலம், நிறைந்த வீடு. அந்தக் கொம்பறையை நிரப்பினவர்களில எத்தனை பேரிடம் கொம்பறை இருந்தது? உழுதவர், நட்டவர், வெட்டினவர் கூலியை நெல்லாக, கொத்துக் கணக்கில வாங்கிக்கொண்டு பின்வாசலால போனார்கள். சட்டத்தில அடிமைமுறை 1844ல் ஒழிந்தது. பின்வாசல் அதுக்குப் பிறகும் கனகாலம் இருந்தது. அமாசிக் மலையிலும் எல்லாரும் சமமாக இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன்; அங்கேயும் அறை இல்லாத குடும்பங்கள் இருந்திருக்கும். ஆனால் அங்கே ஊரின் தானியம் ஊர்க்கண்ணுக்கு முன்னால ஒரே இடத்தில இருந்தது. எங்களிடம் அது ஒவ்வொரு வேலிக்குள்ளேயும் இருந்தது. யாழ்ப்பாணத்தான் வேலிக்கு அடிபடுவான் என்று பகிடி சொல்லுவார்கள். வேலிக்குப் பின்னால கொம்பறை இருந்தால் அடிபடத்தானே வேண்டும்.

ஊருக்குப் பொதுவான களஞ்சியம் எங்களிடம் இருக்கவே இல்லையா? இதில நான் கொஞ்சம் மல்லுக்கட்டினேன். இரண்டு மூன்று விசயம் அகப்பட்டது.

1876, 77ல் தென்னிந்தியாவைப் பஞ்சம் தின்ற காலத்தில யாழ்ப்பாணத்திலும் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தது. ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் என்று தொடங்கி வண்ணார்பண்ணையில கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அரசாங்க அதிபராக இருந்த துவைனத்தை அவர் கடுமையாகக் கண்டித்ததும் அந்தக் காலத்தில்தான். நாவலருடைய சாதிப் பார்வையோட எனக்குப் பெரிய வழக்கு இருக்குது, அதை இன்னொரு நாள் எழுதலாம். ஆனால் களஞ்சியத்தின் சாவி ஆட்சிக்காரரிடம் இருக்கும்போது கீழே என்ன நடக்கும் என்பதை அவர் கண்டார். அடுத்தது பிடியரிசி. உலையில போட முந்தி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில போடுவது. ஆள் வந்து சேர்த்துக்கொண்டு போகும். அதில கோயிலும் சைவப் பள்ளிக்கூடமும் நடந்தன. பிடி பிடியாகச் சேர்ந்த களஞ்சியம். அதை நிரப்பினவர்கள் பெண்கள். கணக்குப் புத்தகத்தில அவர்களுடைய பெயர் இருக்காது.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையான அகாதிராகத் தெரிகிறது: சங்கக்கடை.

சிரிக்காதேங்கோ. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடை என்றால் எங்களுக்கு இப்ப தூசி பிடித்த கண்ணாடி அலுமாரியும் நித்திரை தூங்குகிற மனேச்சரும்தான். ஆனால் இலங்கையிலேயே கூட்டுறவு இயக்கம் வேர்விட்ட இடங்களில ஒன்று யாழ்ப்பாணம். 1936ல் மூளாயில கூட்டுறவு ஆசுப்பத்திரியே கட்டின ஆட்கள் நாங்கள். இரண்டாம் உலகப்போரில ஜப்பான்காரர் 1942ல் பர்மாவைப் பிடித்தார்கள், பர்மா அரிசியில சீவித்த இலங்கை தடுமாறியது, கூப்பன் வந்தது, அந்தக் காலத்தில கூட்டுறவுக் கடைகள் நாடு முழுக்க முளைத்தன. ஒவ்வொரு ஊரிலும் ஓட்டுக் கூரையோட ஒரு கிடங்கு, அங்கத்தவர் பட்டியல், தெரிவு செய்த நிர்வாகசபை, கணக்கு, சண்டை, வழக்கு. அமீனும் பலகைச் சட்டமும் இல்லாமல் வேறென்ன இது?

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. உரம், எரிபொருள், சீமெந்து, பற்றரி ஒண்டும் வராது. உரம் இல்லாமல் வயல் பாதிதான் விளையும். அரிசியும் மாவும் சீனியும் வருகிற அளவு, சங்கக்கடையில கூப்பன் அட்டைக்கு அளக்கிற அளவு. கிளாலிக் கடலால உயிரைப் பிடித்துக்கொண்டு வன்னி நெல்லு வந்தது. 2006 ஆகஸ்டில ஏ9 பாதை பூட்டினபோது திரும்பவும் அதே வரிசை. இது எனக்கே ஞாபகம். விடிய நாலு மணிக்கு அம்மாவோட போய்க் கல்லை வைத்து இடம் பிடிப்பம். 2022ல் கொழும்பில கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசை வந்து, முதல் வருசத்து உரத்தடையால நெல்லும் விழுந்து, நாடே திகைத்தபோது, யாழ்ப்பாணத்துக் கிழவிகளுக்கு அது பழைய படத்தை இரண்டாம் தரம் பார்த்த மாதிரி இருந்தது.

அரசாங்கத்திடம் களஞ்சியம் இல்லையா என்றால், உண்டு. 1971இல் இருந்து நெல் சந்தைப்படுத்தும் சபை என்று ஒன்று இருக்குது. விமானம் வராத மத்தள விமான நிலையத்தின் சரக்குக் கட்டடத்தில 2015ல் நெல்லை மூட்டை மூட்டையாக அடுக்கினார்கள். உலகத்திலேயே ஓடுபாதையோட கட்டின கொம்பறை எங்கட நாட்டில்தான் இருந்திருக்கும்.

சாவிக்கு வருகிறேன்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்ட நாள். ஒலிபெருக்கி அறிவிப்பு, மழை, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், தென்மராட்சி. இலட்சக்கணக்கான சனம் ஒரே தெருவால. இது உங்கள் வீடுகளிலும் இருக்கிற கதை, நான் திருப்பிச் சொல்லவில்லை. எங்கட வீட்டில அம்மம்மா எடுத்த சாமான்கள்: ஒரு ட்றங்குப் பெட்டிக்குள்ள உறுதிகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், தாலிக்கொடி, சைக்கிள் கரியரில கட்டின அரிசி அரை மூட்டை, பிள்ளைகளின்ர உடுப்பு. வயலில அப்பதான் பயிர் பச்சை பிடித்து நின்றது. கொம்பறையில போன தைத்து நெல்லு அடியில கொஞ்சம் இருந்தது. தாத்தா படலையில நின்று "வா, வா" எண்டு கத்த, அம்மம்மா திரும்பிப் போய்க் கொம்பறைக் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில செருகிக்கொண்டு வந்தா.

"ஏன் அம்மம்மா பூட்டினனீங்கள்? கோடாலியால ரெண்டு கொத்து கொத்தினா உடைஞ்சிடுமே."

"வீட்டை விட்டுப் போகேக்க பூட்டாமப் போறதோ?"

சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில ஆறு மாதம். 1996 ஏப்ரலில தென்மராட்சியும் விழ, சனம் திரும்பினது. வீட்டுக் கூரையில பாதி இருந்தது. கொம்பறை இல்லை. நெல்லு போனது பெரிய விசயமில்லை, பலகையே இல்லை. பதுங்குகுழிக்கு மூடியாகப் போனதோ, அடுப்புக்குப் போனதோ, ஆரிட்டக் கேட்கிறது. கால் நின்ற நாலு கல்லு மட்டும் நிலத்தில.

அமாசிக் அகாதிர்களும் இப்ப பெரும்பாலும் வெறுமைதான். 1912இல் பிரெஞ்சுக்காரர் வந்து, பிறகு சந்தையும் லொறியும் கடையும் வர, மலையேறிப் பார்லி கொண்டுபோய் வைக்கிற தேவை மெல்ல மெல்ல இல்லாமல் போனது. சிலது இடிந்தது, சிலது சுற்றுலாவுக்குத் திறந்திருக்குது. ஒரு சிலதில மட்டும் இன்னும் காவற்காரரும் சாவியும் உண்டு. மச்சான் போன இடத்தில ஒரு வயதானவர்தான் பெருவாசலைத் திறந்துவிட்டாராம். உள்ளே நூற்றுக்கு மேல கதவு இருக்கும், திறக்கிற சாவிகள் பத்துப் பதினைந்துகூட இராது, மிச்சக் குடும்பங்கள் காசபிளாங்காவிலயும் பாரிஸிலயும் எண்டு அந்தக் கிழவர் கையை விரித்தாராம். "எங்கட ஊர்க் கதை மாதிரியே கிடக்குது" எண்டு மச்சான் குரல்பதிவில சொன்னான். அவன் பேசினதும் பாரிஸில இருந்துதான்.

எங்கட வீட்டில இப்ப நீலப் பிளாஸ்ரிக் பரல். இருபத்தைந்து கிலோ அரிசிப் பை கடையில வாங்கி அதுக்குள்ள போடுவம். வயல் குத்தகைக்கு. சாவி அந்த ட்றங்குப் பெட்டியில, உறுதிகளோட ஒரு சீலைத் துண்டில சுற்றிக் கிடக்குது. இரும்புச் சாவி, என் நடுவிரல் நீளம் இருக்கும்.

போன கிழமை பின்வளவுக்குப் போய் அந்த நாலு கல்லையும் தேடினேன். ஒன்றில இப்ப உடுப்புத் தோய்க்கிறார்கள். மற்ற மூன்றும் வாழைக்குள்ள, பாதி புதைந்து. ரேப்பைப் பிடித்து அளந்தேன்: ஆறடிக்கு நாலடி. உயரம் தெரியாது. குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மாவிடம் கேட்டேன், உதுக்குள்ள எத்தினை மூட்டை நெல்லு இருந்திருக்கும் எண்டு.

"எந்த வருசம் மோனை?" எண்டு கேட்டா.